ஈயச்சொம்பு ரெண்டு வாங்கினேன், ஒண்ணுல ரசம் கொதிக்குது, இன்னொண்ணு லேப் பீரோவுக்குள்ள

முதல்லயே சொல்லிடறேன், இது கொஞ்சம் நீளமான ரிவ்யூ. நான் பிளஸ் டூவுக்கு கெமிஸ்ட்ரி எடுக்கற டீச்சர், அதனால ஒரு சொம்பு வாங்கினா கழுவி அடுப்புல வச்சோமா ரசம் வச்சோமான்னு போறதில்ல எனக்கு. ஆனா இந்த தடவை நோண்டினது நல்லதா போச்சு.

பெங்களூர்ல இருக்கற என் பொண்ணு ஈயச்சொம்பு வேணும்னு கேட்டா. அவ பாட்டி கையால வச்ச ரசம் ஞாபகம். எங்க மாமியார் வச்சிருந்த சொம்பு அடி உருகி போய் இருபது வருஷம் ஆச்சு. சரின்னு ஒண்ணு ஆன்லைன்ல ஆர்டர் போட்டேன், 1,299 ரூபாய், அரை லிட்டர் சைஸ். அது வர்றதுக்குள்ள ஒரு கல்யாணத்துக்கு கும்பகோணம் போக வேண்டியிருந்துச்சு, அங்க பாத்திரக்கடையில அதே சைஸ் ஒண்ணு 2,100 ரூபாய்னு சொன்னாங்க. விலை ஜாஸ்தியா இருக்கேன்னு கேட்டதுக்கு கடைக்கார பெரியவர் "வெள்ளீயம்மா இது, காரீயம் கலந்தா நானும் பாதி விலைக்கு தருவேன்"னார். அந்த ஒரு வார்த்தைதான் மண்டைக்குள்ள சுத்திக்கிட்டே இருந்துச்சு, வாங்கிட்டு வந்துட்டேன்.

நம்ம மொழியிலேயே ஒரு சிக்கல் இருக்கு பாருங்க. ஈயம்னா ரெண்டு உலோகம். பாத்திரத்துக்கு பூசறது, ரசத்துக்கு சொம்பு பண்றது வெள்ளீயம், அதாவது டின். பேட்டரியில இருக்கறது, தூண்டில் முள்ளுல குண்டா கட்டறது காரீயம், அதாவது லெட். பாடப்புத்தகத்துல ஈயம்னு போட்டிருந்தா அது லெட். சமையல்கட்டுல ஈயம்னு சொன்னா டின். "நூறு சதவீத ஈயம்"னு விளம்பரம் போட்டா எதுன்னு யாரு கேக்கறது. டின் கிலோ விலை லெட்டை விட பத்து மடங்குக்கு மேல, அப்புறம் கலக்காம இருப்பாங்களா.

ஆன்லைன் சொம்பு நல்ல பேக்கிங்ல வந்துச்சு, பளபளன்னு, உள்ள ஒரு மடிச்ச பேப்பர், லேப் சர்டிபிகேட். அதோட ஒரு கார்டு: "எடை அதிகமாக இருப்பதே சுத்தமான ஈயத்தின் அடையாளம்". இதை படிச்சதும் சிரிப்பு வந்துடுச்சு. டின்னோட அடர்த்தி 7.3, லெட்டோட அடர்த்தி 11.3. ஒரே சைஸ்ல கனமா இருந்தா சந்தேகப்படணுமே தவிர சந்தோஷப்பட என்ன இருக்கு.

சரி எடை போட்டே பாத்துடலாம்னு கிச்சன் தராசை எடுத்தேன். இது நீங்களும் வீட்டுல பண்ணலாம், ஆசிட் கீசிட் எதுவும் வேண்டாம். முதல்ல சொம்பை சும்மா எடை போடுங்க. அப்புறம் ஒரு அகலமான பாத்திரத்துல தண்ணி ஊத்தி தராசு மேல வச்சு ஜீரோ பண்ணிடுங்க, சொம்பை நூல்ல கட்டி அந்த தண்ணிக்குள்ள முழுசா முங்கற மாதிரி தொங்க விடுங்க, அடியில படக்கூடாது, பக்கத்துலயும் படக்கூடாது, உள்ள காத்து குமிழ் நிக்கக்கூடாது. இப்ப தராசு காட்டற கிராம்தான் சொம்பு ஒதுக்கின தண்ணியோட எடை. முதல் எடையை இதால வகுத்தா அடர்த்தி. கும்பகோணம் சொம்பு 431 கிராம், தண்ணியில 59, வகுத்தா 7.3. அப்படியே டின். ஆன்லைன் சொம்பு 522 கிராம், தண்ணியில 64, வகுத்தா 8.15. கணக்கு போட்டு பாத்தா கிட்டத்தட்ட 30 சதவீதம் லெட். மூணு தடவை மாத்தி மாத்தி போட்டேன், எங்க வீட்டுக்காரர் பக்கத்துல நின்னுக்கிட்டு "அது சொம்பா இல்ல நகையா"ன்னு கேட்டுட்டு போனார். ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க, ஒரு கிராம் இப்படி அப்படி காட்டற தராசுல ரெண்டு மூணு சதவீத கலப்படம் தெரியாது, பெரிய திருட்டு மட்டும்தான் மாட்டும்.

அடுத்து அந்த சர்டிபிகேட். இதுலதான் விஷயமே இருக்கு. "லெட்: 0.01 மில்லிகிராம்/லிட்டருக்கு கீழ்"னு தடிச்ச எழுத்துல இருக்கு, அது நம்ம ஊர் குடிதண்ணி தர அளவுக்கு சரியா பொருந்தற நம்பர், பாத்தா நம்பிக்கை வந்துடும். கீழ பொடி எழுத்துல: சோதனை திரவம் குடிநீர், அறை வெப்பநிலை, 60 நிமிடம். அட பாவிங்களா. தண்ணி காய்ச்சவா ஈயச்சொம்பு வாங்கறோம்?

காரீயம் எதுல கரையும் எதுல கரையாதுங்கறதுதான் முழு கதையும். நல்ல உப்புத்தண்ணி, நம்ம போர் தண்ணி மாதிரி, அதுல வச்சா மேல கார்பனேட்டும் சல்பேட்டுமா ஒரு படலம் கட்டிக்கும், உள்ள இருக்கற உலோகத்தை அதுவே காப்பாத்திடும். விசித்திரம் என்னன்னா மழைத்தண்ணி மாதிரி உப்பே இல்லாத தண்ணி, காத்தும் கலந்திருந்தா, இதை விட அதிகமா கரைக்கும். ஸ்காட்லாந்துல கிளாஸ்கோ ஊருக்கு 1859ல இருந்து லாக் கேட்ரின் ஏரித்தண்ணி போகுது, ரொம்ப மென்மையான தண்ணி, குழாயெல்லாம் காரீயம், பின்னால அதுவே பெரிய பிரச்சனை ஆகி தண்ணியில சுண்ணாம்பும் அப்புறம் பாஸ்பேட்டும் கலக்க வேண்டி வந்துச்சு. அமெரிக்காவுல ஃபிளிண்ட்ல 2014ல ஆத்துத்தண்ணிக்கு மாறினப்ப அந்த பாஸ்பேட்டை சேர்க்காம விட்டாங்க, பழைய குழாய்ல கட்டியிருந்த படலம் பேந்து ஊரே பாதிக்கப்பட்டுச்சு. அதனால தண்ணின்னு பொதுவா சொல்றதே தப்பு, எந்த தண்ணின்னு கேக்கணும்.

புளின்னு வந்துட்டா ஆட்டமே வேற. புளியில டார்டாரிக் ஆசிட், எலுமிச்சையில சிட்ரிக், தக்காளியிலயும் சிட்ரிக்தான், தயிர்ல லாக்டிக். வினிகர்ல இருக்கற அசிட்டிக் ஆசிட்தான் இதுல மோசம், காத்தும் சேர்ந்துக்கிட்டா காரீயத்தை லெட் அசிடேட்டா மாத்தி கரைச்சுடும், அந்த அசிடேட் 100 மில்லி தண்ணியில 40 கிராமுக்கு மேல கரையும், சீனி மாதிரி. ருசியும் இனிப்புதான். ரோமானியங்க திராட்சை சாறை காரீய பாத்திரத்துல சுண்டக்காய்ச்சி இனிப்புக்கு சேத்துக்கிட்டாங்க. பாத்திரத்துல காரீயம் இருந்தா நாக்குக்கு கசந்து காட்டிக்கொடுக்கும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

"டீச்சர், லெட் டார்ட்ரேட் சரியா கரையாதே"ன்னு என் ஸ்டூடண்ட் ஒருத்தன் கேட்டான், அதாவது புளி ஆசிட்டும் லெட்டும் சேர்ந்தா வர்ற உப்பு, நல்ல கேள்வி. ஆமா, பெருசா கரையாது. ஆனா லேப்ல நாம கரையாதுன்னு சொல்றது வேற, வயித்துக்கு கரையாதுங்கறது வேற. லெட் சல்பேட்டை எடுத்துக்கோங்க, பரீட்சையில "நீரில் கரையாத வெள்ளை வீழ்படிவு"ன்னு எழுதினா முழு மார்க். அந்த கரையாத சல்பேட்டே லிட்டர் தண்ணியில சுமார் 40 மில்லிகிராம் கரையுது, அதுல லெட் மட்டும் சுமார் 27 மில்லிகிராம். குடிதண்ணிக்கு அனுமதி 0.01. ரெண்டாயிரத்து எழுநூறு மடங்கு! இத்தனை வருஷம் கரையாதுன்னு சொல்லிக்கொடுத்துட்டு இருக்கேன், இந்த கணக்கை போர்டுல போட்டப்பதான் எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு.

அப்புறம் ஸ்கூல் லேப்ல ஒரு சனிக்கிழமை உக்காந்தேன். இதை யாரும் வீட்டுல பண்ணாதீங்க, நைட்ரிக் ஆசிட் புகை நுரையீரலுக்கு ஆகாது, புகையை வெளிய இழுக்கற ஃபியூம் கப்போர்டுக்குள்ளதான் பண்ணணும். ரெண்டு சொம்போட அடியிலயும் பிளேடால கொஞ்சம் சுரண்டி தனித்தனி பீக்கர்ல போட்டு, அடர் நைட்ரிக்ல பாதிக்கு பாதி தண்ணி கலந்து ஊத்தி சூடு பண்ணேன். தண்ணி கலக்கறதுக்கும் காரணம் இருக்கு, ரொம்ப அடர்த்தியா இருந்தா காரீயம் முரண்டு பிடிக்கும், லெட் நைட்ரேட் அடர் நைட்ரிக்ல கரையாது, மேலயே ஒட்டிக்கிட்டு ஆசிட்டை உள்ள விடாது. ஹைட்ரோகுளோரிக்கும் சல்ஃப்யூரிக்கும் இதே கதைதான், குளோரைடும் சல்பேட்டும் தோல் மாதிரி மூடிக்கும், அதனாலதான் ஒரு காலத்துல சல்ஃப்யூரிக் ஆசிட் ஃபேக்டரி ரூமுக்கே காரீயத்தகடு அடிச்சு வச்சிருந்தாங்க.

பழுப்பு புகை குப்புனு வந்துச்சு. கும்பகோணம் பீக்கர்ல இருந்த துகள் மொத்தமும் வெள்ளை மாவா மாறி அடியில உக்காந்துடுச்சு, டின்னுக்கு நைட்ரிக்ல அதான் குணம், கரையாது, ஆக்சைடு சேறா ஆயிடும். ஆன்லைன் பீக்கர்லயும் வெள்ளை சேறு இருந்துச்சு ஆனா கம்மி. ரெண்டையும் வடிகட்டினேன், வடிச்சது ரெண்டும் பாக்க ஒரே மாதிரி, பச்சத்தண்ணி கணக்கா தெளிவா இருந்துச்சு. இதுலதான் நான் ஒரு முட்டாள்தனம் பண்ணேன். அவசரப்பட்டு அப்படியே பொட்டாசியம் அயோடைடு ஊத்திட்டேன், லெட் இருந்தா மஞ்சள் வரும்னு பாத்தா டீ டிகாஷன் மாதிரி பழுப்பா போச்சு, மிச்சம் இருந்த நைட்ரிக் அயோடைடை அயோடினா மாத்திடுச்சு. பசங்க இப்படி பண்ணா எத்தனை தடவை திட்டியிருப்பேன். மறுபடி வடிகட்டினதை கிட்டத்தட்ட வத்தற வரைக்கும் சூடு பண்ணி ஆசிட்டை ஓட்டிட்டு, தண்ணியில கரைச்சு, திரும்ப முதல்ல இருந்து.

கும்பகோணம் டெஸ்ட் டியூப்ல அயோடைடு சொட்டினேன், ஒண்ணும் ஆகல, தண்ணி தண்ணியாவே இருந்துச்சு. ஆன்லைன் டியூப்ல முதல் சொட்டு விழுந்த இடத்துலயே மஞ்சள். மஞ்சப்பொடி கரைச்ச மாதிரி இல்ல, அதை விட பளீர்னு, எலுமிச்சம்பழத்தோல் மஞ்சள். நிறைய தண்ணி சேர்த்து கொதிக்க வச்சேன், அந்த மஞ்சள் அத்தனையும் காணாம போச்சு, லெட் அயோடைடு பச்சத்தண்ணியில லிட்டருக்கு முக்கா கிராம்தான், கொதிக்கற தண்ணியில நாலு கிராமுக்கு மேல கரையும். டியூபை ஸ்டாண்டுல வச்சுட்டு டிபன் பாக்ஸை திறந்தேன், ரெண்டு வாய் சாப்பிடறதுக்குள்ள ஜரிகை துகள் மாதிரி மின்னிக்கிட்டே இறங்க ஆரம்பிச்சுது. தங்க மழைன்னு சொல்வோம் இதை. எவ்வளவு அழகோ அவ்வளவு எரிச்சல், ஏன்னா அது என் பேத்தி குடிக்கப்போற ரசத்துல இருந்திருக்க வேண்டியது. இன்னொரு டியூப்ல நீர்த்த ஹைட்ரோகுளோரிக், வெள்ளை வந்துச்சு, சூடு பண்ணா கரைஞ்சுது, ஆறினா ஊசி ஊசியா திரும்பி வந்துச்சு. மூணாவதுல சல்ஃப்யூரிக், வெள்ளை, சூட்டுக்கு அசையல, அம்மோனியம் அசிடேட் ஊத்தினப்பறம்தான் கரைஞ்சுது. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும். கழிவு எதையும் சிங்க்ல ஊத்தல, தனி பாட்டில்ல லேபிள் ஒட்டி வச்சிருக்கேன்.

ஆனா இதெல்லாம் இருக்கு இல்லைன்னுதான் சொல்லும், எவ்வளவுன்னு சொல்லாது. அதுக்கு ரெண்டு இடம் போனேன், அதோட ரிவ்யூவும் சேர்த்தே சொல்லிடறேன்.

ஒண்ணு நகைக்கடை தெருவுல டச் பாக்கற கடை. எக்ஸ்ஆர்எஃப் மிஷின் வச்சிருப்பாங்க, தங்கத்துல செம்பு எவ்வளவுன்னு பாக்கறது. அங்க வேலை பாக்கற தம்பி என்கிட்ட படிச்சவன், "டீச்சர் இது தங்கத்துக்கு செட் பண்ணது, டின் லெட்டெல்லாம் காட்டும், ஆனா பாயிண்ட் வரைக்கும் நம்பாதீங்க"ன்னு அவனே சொல்லிட்டான். கும்பகோணம் சொம்பு டின் 99க்கு மேல. ஆன்லைன் சொம்பு டின் 68, லெட் 31. கிச்சன் தராசு கணக்கு கிட்டத்தட்ட சரியா வந்ததுல எனக்கு தலைகால் புரியல. காசு நூறு ரூபாய், அதுவும் அவன் வாங்க மாட்டேன்னான், வச்சுட்டு வந்தேன். நேரம் அஞ்சு நிமிஷம்.

ரெண்டாவது ஒரு பிரைவேட் லேப், பேர் வேண்டாம். சர்வீஸ் சுமார்தான். கவுண்டர்ல இருந்த பொண்ணு "வாட்டர் டெஸ்ட்டா மேடம்"னு நாலு தடவை கேட்டா. பீங்கான் பாத்திரத்துக்கு பண்ற டெஸ்ட் இருக்கே, 4 சதவீத அசிட்டிக் ஆசிட் ஊத்தி அறை சூட்டுல 24 மணி நேரம் வச்சு அந்த திரவத்துல லெட் பாக்கறது, அதை பண்ணுங்கன்னு பேப்பர்ல எழுதியே கொடுத்துட்டேன். மூணு நாள்ல தர்றேன்னவங்க பன்னெண்டு நாள் ஆக்கினாங்க, ரெண்டு தடவை போன் பண்ணி நான்தான் கேக்க வேண்டியிருந்துச்சு. ஆனா வேலை சுத்தம், ஐசிபி-எம்எஸ்ல, அதாவது துளியூண்டு உலோகத்தையும் அளக்கற மிஷின்ல பாத்திருந்தாங்க, சொம்புல படாத வெறும் திரவத்தோட அளவையும் (பிளாங்க் ரீடிங்) போட்டு கொடுத்தாங்க. ஆன்லைன் சொம்புல வெறும் தண்ணி ஒரு மணி நேரம் வச்சது: லிட்டருக்கு 0.006 மில்லிகிராம். அதே சொம்பு, அசிட்டிக் ஆசிட், ஒரு நாள்: லிட்டருக்கு 18 மில்லிகிராம். சர்டிபிகேட் பொய் சொல்லல பாருங்க, அதான் வயித்தெரிச்சல். கும்பகோணம் சொம்பு அசிட்டிக்லயும் கண்டறியற அளவுக்கு கீழதான்.

ரசம் அசிட்டிக் ஆசிட் மாதிரி ஒரு நாள் முழுக்க நிக்காதேன்னு சொல்லலாம், நிக்காதுதான், ஆனா ரசம் கொதிக்கற சூடு, உப்பு வேற, மீந்தா ராத்திரி வரைக்கும் அதே சொம்புலதான் கிடக்கும், எத்தனை வீட்டுல வேற பாத்திரத்துக்கு மாத்தறோம். கொதிச்சா விஷம் போயிடும்னு நினைக்கறதும் தப்பு, லெட் ஆவியாகி போகாது, தண்ணி வத்த வத்த செறிவு கூடத்தான் செய்யும். சின்ன குழந்தைங்க உடம்பு பெரியவங்களை விட நாலஞ்சு மடங்கு லெட்டை உறிஞ்சிக்கும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, இவ்வளவு வரைக்கும் பரவாயில்லன்னு ஒரு அளவே கிடையாதுன்னும் சொல்லுது. பேத்திக்கு ரெண்டு வயசு.

ஆன்லைன் கடைக்கு எல்லா ரிப்போர்ட்டையும் அனுப்பினேன். முதல் பதில்: "மேடம், பொருள் உபயோகிக்கப்பட்டுள்ளது, ரிட்டர்ன் இயலாது". அடியில சுரண்டினேனே, அதான் உபயோகமாம். ரெண்டாவது பதில்: "எங்கள் சொம்பு பாரம்பரிய முறையில் செய்தது". மூணாவதா போன்ல ஒருத்தர் "மேடம், கொஞ்சம் காரீயம் சேர்த்தாதான் வார்ப்பு நல்லா வரும், எல்லாரும் பண்றதுதான்"னு பேசினார். ஒத்துக்கிட்டதே பெருசுன்னு நினைச்சுக்கிட்டேன். டின்னோட லெட் சேர்த்தா சீக்கிரம் உருகும், சுலபமா வார்க்கலாம், அது உண்மைதான், சால்டர் கம்பியே அந்த சூத்திரம்தான். நுகர்வோர் கோர்ட்டுக்கு போவேன்னு சொன்னதும் பணம் வந்துடுச்சு, பொருளை திருப்பி வாங்கிக்கல. லிஸ்டிங் இன்னும் அப்படியே இருக்கு, 4.4 ஸ்டார், "பாட்டி கைமணம்"னு கமெண்ட் வேற.

இதே மாதிரி இன்னொரு இடமும் கவனிங்க. பித்தளை பாத்திரத்துக்கு ஈயம் பூசறவர் தெருவுல வர்றார்ல, பாத்திரத்தை கரியில சுட்டு, நவச்சாரம் தூவி, வெள்ளைப்புகை கிளம்ப கிளம்ப பஞ்சால ஒரு இழுப்பு இழுப்பார், பாக்கவே கண்கொள்ளாது. அவர் கையில இருக்கற கம்பி டின்னா சால்டரான்னு பாருங்க. சாதாரண சால்டர்ல நாப்பது சதவீதம் லெட். நான் இப்ப டின் குச்சி நானே வாங்கி கொடுத்துடறேன், அவரும் கோவிச்சுக்கல, "எனக்கு பொருள் செலவு மிச்சம்மா"ன்னார்.

கும்பகோணம் சொம்புல குறையே இல்லையான்னா இருக்கு. அடி சமமா இல்ல, கேஸ் ஸ்டவ் மேல லேசா ஆடுது, நான் சின்ன ஸ்டாண்டு வச்சுதான் வைக்கறேன். உள்பக்கம் வார்ப்பு புள்ளி ரெண்டு மூணு இருக்கு. ரசம் பிரமாதம், புளித்தண்ணி கொதிச்சு பருப்புத்தண்ணி விட்டு நுரை கூடி வர்றப்ப இறக்கிடணும். டின் 232 டிகிரியிலயே உருகிடும், அதனால வெறும் சொம்பை அடுப்புல வைக்கவே கூடாது, முதல்ல தண்ணி அப்புறம்தான் நெருப்பு. இதை எங்க வீட்டுக்காரருக்கு எழுதி ஸ்டவ் பக்கத்துல ஒட்டியிருக்கேன், இருபது வருஷத்துக்கு முன்னால மாமியார் சொம்பை உருக்கினது அவர்தான்.

மார்க் கேட்டா, கும்பகோணம் கடைக்கு நாலரை ஸ்டார், ஆட்டத்துக்கு அரை குறைச்சாச்சு. டச் கடை தம்பிக்கு அஞ்சு. லேப்புக்கு மூணு. ஆன்லைன் சொம்பு இப்ப ஸ்கூல் லேப் பீரோவுல இருக்கு, மேல "சமையலுக்கு அல்ல"ன்னு பெயிண்ட்ல எழுதி வச்சிருக்கேன், பசங்க அடர்த்தி கண்டுபிடிக்க நூல்ல கட்டி முக்கி எடுக்கறாங்க. பொண்ணுக்கு இன்னொண்ணு வாங்க அடுத்த மாசம் கும்பகோணம் போறேன், நல்ல கடைதான், இருந்தாலும் தராசும் நூலும் பையில எடுத்து வச்சாச்சு, பெரியவர் என்ன நினைச்சாலும் சரி ஒரு சின்ன அண்டாவுல தண்ணி கேட்டு வாங்கிக்கறதா இருக்கேன்.